மெக்ஸிகோவுக்கு வாங்கிய மாலை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டு எதிரே ஒரு மைக்கை வைத்துவிட்டால், யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்க்காமல் போய் நின்றுவிடுவேன். பாரீஸுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். அங்கே என்னை யாரும் பேச விடுவதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க, ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் ஒரு வாசக வட்டம் கிடைத்தது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறை, மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி. வழக்கமாகப் பதினோரு பேர் வருவார்கள். சமோசா உண்டு என்று அழைப்பில் போட்டால் பதினாறு.

வட்டத்தின் தலைவர் புதுச்சேரிக்காரர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தவர். மீதிப் பேர் என்னைப் போல தமிழ்நாட்டிலிருந்து மடிக்கணினியோடு வந்து இறங்கியவர்கள். அங்கே நான் பேசாத தலைப்பு குறைவு. பருவநிலை மாற்றம் பேசியிருக்கிறேன். தேனீக்கள் பேசியிருக்கிறேன். ஆலிவ் எண்ணெயைப் பற்றி இரண்டு பாகம் பேசியிருக்கிறேன். இரண்டாம் பாகத்துக்குத் தலைவர் வரவில்லை. முட்டி வலி என்று சொன்னார்.

மெக்ஸிகோ என் வாழ்க்கையில் நுழைந்தது அலுவலகக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில். எனக்கு அடுத்த மேசையில் வேலை பார்க்கும் பெண் மெக்ஸிகோக்காரி. ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே தன் மாநிலத்துத் தாய்மார்களைப் பற்றிச் சொன்னாள். அங்கே பிள்ளைகள் திடீரென்று காணாமல் போகிறார்கள். யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். புகார் கொடுத்தால் கோப்பு ஒன்று திறக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் தாய்மார்களே கூட்டமாகச் சேர்ந்து, வார இறுதிகளில் மண்வெட்டியும் கம்பியுமாக மலையடிவாரத்துக்கும் பாலைவனத்துக்கும் போய்த் தேடுகிறார்கள். கம்பியை மண்ணில் ஆழமாக இறக்கி, வெளியே இழுத்து, பிண வாடை வருகிறதா என்று நுனியை முகர்ந்து பார்ப்பார்களாம்.

எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. ஆனால் என் துக்கம் அதிக நேரம் நிற்காது. அரை மணி நேரத்தில் அது ஓர் உரையின் தலைப்பாக மாறிவிடும்.

மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்தேன். 'மெக்ஸிகோவின் போராளிகள்' என்று மூன்று பாகம் போட்டேன். காட்டை வெட்ட வருகிற லாரிகளை மறித்து நிற்கும் மலைக் கிராமத்தார், கொலையான பெண்களுக்காகத் தெருக் கம்பங்களில் இளஞ்சிவப்புச் சிலுவை வரையும் பெண்கள், தங்கள் ஆற்றை அணைக்கட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற விவசாயிகள், சட்டம் எழுதும் மேசையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று தலைநகருக்கு நடந்தே வந்த பூர்வகுடிப் பெண்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அவர்களெல்லாம் வருடக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை நான் பாகத்துக்கு ஒரு மணி நேரத்தில், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன். நடுவில் எங்கேயோ 'அவர்கள்' என்ற சொல் 'நாங்கள்' என்று மாறிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது.

"நாங்க மலை ஏறினப்போன்னு சொன்னீங்க," என்றாள், மெட்ரோவில் வீடு திரும்பும்போது. "நாம ஏறுனது மொன்மார்த்ர் மேட்டுப் படிதானுங்க. அதுலயும் பாதில உக்காந்துட்டீங்க."

அவள் கோயம்புத்தூர்க்காரி. மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அலுவலகத் தோழி வந்து சொன்னாள். அந்தத் தாய்மார்களில் ஒருவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாராம். பாரீஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலையில்லாமல் இருக்கிறாராம். உங்கள் தமிழ்ச் சங்கத்தில் பேசவைக்க முடியுமா என்று கேட்டாள். 'எங்கள் சங்கம்' என்று நான் அவளிடம் விட்ட கதையில் லா ஷப்பேலே திரண்டு வந்து கேட்கும். இப்போது பதினோரு பேர் என்று எப்படிச் சொல்வது? தாராளமாக என்று சொல்லிவிட்டு, அன்றே சமோசாவுக்குச் சொல்லிவைத்தேன்.

அந்த அம்மாவின் மகன் காணாமல் போய் ஆறு வருடம். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அவனுடைய படத்தைத் தோழி எனக்கு அனுப்பினாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்தபடி சிரிக்கிறான். மேடையில் வைக்கிறேன் என்று சொல்லி அலுவலகத்திலேயே பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டேன். மேடை என்றால் படம், படம் என்றால் மாலை, மாலை என்றால் பக்கத்தில் குத்துவிளக்கு. இதை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்துப் பழகிய கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின.

சனிக்கிழமை காலை, வாராவாரம் நான் காய் வாங்கும் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் பின்னால், சுவரில் ஆணி அடித்து மாலைகள் தொங்கவிட்டிருப்பார். அன்று நல்ல செண்டுமல்லி மாலைகளாக ஐந்தாறு தொங்கின.

"ஒரு மாலை வேணும்க்கா. படத்துக்கு."

"சாமிப் படத்துக்கோ?"

"இல்லைக்கா, ஒரு பையன் படத்துக்கு."

மாலையை எடுக்கப் போன அவர் கை நின்றது. "ஐயோ. எப்ப செத்தவர்?"

"சாகலைக்கா. காணாமப் போயிட்டான். மெக்ஸிகோவுல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வியாதி விடுமா? வெண்டைக்காய்க் கூடையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, காணாமல் போவது என்றால் என்ன, காணாமல் ஆக்கப்படுவது என்றால் என்ன, இரண்டுக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம், காத்திருக்கும் குடும்பத்தின் மனநிலை எப்படி இருக்கும் என்று விளக்கினேன். லா ஷப்பேலில் கடை வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு, நான். கைப்பேசியில் அந்தப் பையனின் படத்தையும் காட்டினேன். அவர் கறிவேப்பிலையைக் கட்டு கட்டாக அடுக்கியபடி கேட்டார்.

"விளங்குதாக்கா?" என்று வேறு கேட்டேன்.

"ஓம் தம்பி," என்றார். பிறகு, "மாலை முடிஞ்சுது."

அவர் தலைக்குப் பின்னாலேயே மாலைகள் தொங்கின. நான் அவற்றைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அதெல்லாம் கோயிலுக்கு," என்றார்.

தமிழ்நாட்டுக்காரன் என்றால் இவர்களுக்கு ஒரு இளக்காரம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஆனாலும் நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டுமே. அழைப்புத் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, ரூ லூயி-பிளாங்கில் வேறொரு கடையில் மாலை வாங்கினேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் பெரிய மாலையாகவே கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறைச் சுவரோரம் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படத்தை வைத்து, செண்டுமல்லி மாலையைப் போட்டு, விளக்கேற்றி, ஊதுபத்தியும் கொளுத்தினேன். எட்டி நின்று பார்த்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அந்த அம்மாவைத் தோழி அழைத்து வந்தாள். குள்ளமான, நரைத்த தலையை இறுக்கிக் கட்டிய பெண்மணி. கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைப் பனியன் போட்டிருந்தார். அதில் மகனின் முகமும், கீழே சில வரிகளும் அச்சாகியிருந்தன. நான் வாசலிலேயே மறித்துப் பொன்னாடை போர்த்தினேன். பொன்னாடை மகனின் முகத்தை மூடிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, முகம் வெளியே தெரியும்படி செய்துகொண்டார். அப்போதாவது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும்.

உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சிரிப்பு போய்விட்டது. தோழியின் முகத்தில் ஈயாடவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சூட்டோடு சூடாக மைக்கைப் பிடித்து, "அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்," என்றேன்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு மௌனத்திலும் கொஞ்சம் நடிப்பு உண்டு. தலையைச் சரியான அளவுக்குக் குனிவேன். கால் நிமிடம் போயிருக்கும், செருப்புச் சத்தம் கேட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். காய்க்கடை அக்கா பின்வரிசையிலிருந்து நேராக மேசைக்கு வந்தார். இரண்டு கையாலும் மாலையைக் கழற்றினார். ஊதுபத்தியை எடுத்து என்னுடைய தண்ணீர் டம்ளரில் முக்கினார். விளக்கைத் தூக்கி மேசையின் அடியில் வைத்தார்.

"அக்கா, நிகழ்ச்சி நடக்குதுங்க," என்றேன். மைக் இன்னும் கையில் இருந்தது. அறை முழுவதும் கேட்டது.

"இந்தப் பிள்ளை செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது தம்பி?"

நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

"இந்த அம்மாவோ சொன்னவ?"

"இல்லைக்கா."

"அப்ப நீங்களே முடிவெடுத்திட்டியள்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது பாரீஸ் பூமி, கீழே மெட்ரோதான் ஓடியது. தோழி என் காதோரம் வந்து, பற்களுக்கு நடுவில் பிரெஞ்சில் சொன்னாள். அவர்கள் ஊரில் நவம்பரில் இறந்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள். படம், விளக்கு, மேலே இதே ஆரஞ்சுப் பூ. தேடுகிற தாய்மார்கள் அந்தப் படையலில் தங்கள் பிள்ளைகளின் படத்தை வைக்க விடமாட்டார்கள். சொந்தபந்தம் வைத்தால் சண்டை போட்டு எடுத்துவிடுவார்கள். பிணமாகக் காட்டும்வரை பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அவர்கள் போராட்டமே. அந்தப் படையலின் படத்தை 'பண்பாட்டுப் பின்னணி' என்ற தலைப்பில் என் இரண்டாம் பாகத்தில் நானே காட்டியிருந்தேன். செண்டுமல்லியைச் சுட்டிக்காட்டி, பாருங்கள் நம் பூ என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். ஆள் படத்தின் மேல் போட்டால் மெக்ஸிகோவிலும் அதற்குச் சாவு என்றுதான் அர்த்தம், தமிழனுக்கும் அதே அர்த்தம். அந்த அறையில் அது தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

அக்கா மாலையை என் கையில் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"என்ரை அவர் சண்டை முடிஞ்ச கிழமை பஸ்ஸிலை ஏறினவர். பேர் பதிஞ்சிட்டு விடுவம் எண்டு ஆமிக்காரர் சொன்னவை. நான் ரோட்டிலை நிண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். யன்னலுக்குள்ளாலை கை காட்டினவர். இண்டைக்கு வரைக்கும் வரேல்லை. வீட்டிலை படம் இருக்கு. ஒருநாளும் நான் மாலை போடேல்லை."

முந்தைய நாள் காலை வெண்டைக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நான் ஆற்றிய உரை ஒவ்வொரு வரியாக எனக்குக் கேட்டது. காத்திருக்கும் குடும்பத்தின் மனநிலையாம். 

அந்த அம்மா என்ன நடக்கிறது என்று தோழியைக் கேட்டார். தோழி என்னைக் கேட்டாள். நான் அக்கா சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் ஸ்பானிஷில் சொன்னாள். அந்த அம்மா வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் முதல் வரிசையில், மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நானும் தோழியும் அவர்களுக்கு இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். அன்றைக்கென்று நான் தயாரித்திருந்த எழுபது ஸ்லைடும் சுவரில் தானாக மாறிக்கொண்டிருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை.

அக்கா கேட்டார்: "கம்பியை மண்ணுக்குள்ளை விடேக்கை என்ன நினைச்சுக்கொண்டு விடுவியள்?"

பதில் மூன்று மொழி கடந்து வந்தது. உள்ளே இறக்கும்போது, இது அவனாக இருக்கக் கூடாது. வெளியே இழுக்கும்போது, இது அவனாகவே இருக்கட்டும். இதுவரை அந்த அம்மாவும் கூடத் தேடும் தாய்மார்களும் மண்ணிலிருந்து எடுத்தவர்கள் எல்லோரும் வேறு யாரோ பெற்ற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் அவர்கள்தான்.

அக்கா அந்த அம்மாவின் பனியனில் இருந்த முகத்தைப் பார்த்தார். "அங்கை தோண்டிப் பார்க்கவும் எங்களை விடமாட்டினம்," என்றார்.

நான் அதைப் பிரெஞ்சில் சொல்லும்போது 'எங்கள் இரத்தம் தோய்ந்த மண்ணில்' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

"தம்பி, நான் இவ்வளவும் சொல்லேல்லை," என்றார்.

அதன்பிறகு அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். கடைசியில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மாலை இன்னும் என் மடியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அதிகாரி, பாதிரியார், அவன் கூடப் பிறந்த அண்ணன் என்று எத்தனையோ பேர் அவன் செத்துவிட்டான் என்று முடித்துவைத்துவிட்டார்கள், அவர்கள் யாரும் இவ்வளவு நல்ல பூ வாங்கவில்லை. சொல்லிவிட்டு என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். காய்ச்சல் என்று அன்று அவள் வரவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அந்தக்கா எத்தன பெரிய பொட்டு வெக்கறாங்க, பாத்துருக்கீங்களா?" என்றாள். "புருசனக் காணோம், இவளுக்குப் பொட்டு ஒண்ணு கேடான்னு பேசறாங்களாம். பேசட்டும்னு இன்னும் பெருசா வெக்கறாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருசமாத் தெரியும். கேட்டேன், சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க அத மேடைல பேசிருவீங்க," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. இரண்டு பாகம் போட்டிருப்பேன்.

மூன்று வாரம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. நாலாவது சனிக்கிழமை மனைவி பையைக் கையில் திணித்து அனுப்பினாள். அக்கா வழக்கம்போலக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டார். பிறகு கல்லாவுக்குக் கீழேயிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு பழைய படமும், நாலாக மடித்த தாளும் இருந்தன.

"அந்த அம்மா போட்டிருந்த மாதிரி எனக்கு ஒரு பனியன் அடிச்சுத் தருவியளோ தம்பி? உங்களுக்குக் கொம்பியூட்டர் வேலை தெரியும்தானே."

"கண்டிப்பாக்கா. கீழ போடறதுக்கு நல்ல வாசகமா நான் ஒண்ணு எழுதித் தரட்டுங்களா?"

"வேண்டாம். நான் எழுதிப்போட்டன்."

ரூ லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடையில் பனியனில் படம் அடித்துக் கொடுக்கிறார்கள். அங்கே இருந்தவர் படத்தை வாங்கிக் கணினிக்குள் ஏற்றினார். படத்தில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும், மீசை வைத்து, கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். கடைக்காரர் விரல்கள் பழக்கத்தில் ஓடின. திரையில் முகத்தைச் சுற்றி ஒரு பூச்சட்டம் வந்தது, இடது பக்கம் 'தோற்றம்', வலது பக்கம் 'மறைவு'. இந்தத் தெருவில் அவர் அதிகம் அடிப்பது அஞ்சலி அட்டைகள்தான்.

"மறைவுத் திகதியைச் சொல்லுங்கோ அண்ணை."

"மறைவு இல்லைங்க. அதை எடுத்துடுங்க. பூவையும் எடுத்துடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பூக்களை அழித்தார், இரண்டு சொற்களையும் அழித்தார். வெள்ளைத் திரையில் முகம் மட்டும் நின்றது.

"அப்ப கீழை என்ன போட?"

அக்காவின் தாளைப் பிரித்தேன். கணவரின் பெயரும், காய்க்கடையின் தொலைபேசி எண்ணும், நடுவில் ஒரு வரியும் இருந்தன. அதில் உள்ளபடியே படித்தேன்.

"இவரைக் கண்டால் சொல்லுங்கோ."

அவர் மெதுவாகத் தட்டினார். "எழுத்து எவ்வளவு பெரிசா வேணும்?"

"தூரத்துல வர்றவங்களுக்கும் தெரியற மாதிரி போடுங்க," என்றேன்.